பனிக்கடி பட்ட பிஷப்பை ஒப்படைத்து அக்கா எழுதுவது

ஹெல்மர் ஏரி,
மினசோட்டா.
பிப்ரவரி, ஞாயிறு மதியம்.

அன்புத் தம்பி வெர்லினுக்கு அக்கா ஆர்டிஸ் ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடத்தில் நானும் உன் அத்தானும் ஆண்டவர் கிருபையால் இன்னும் உறைந்துபோகாமல் இருக்கிறோம். அவ்விடத்தில் நீயும் உன் மனைவி லவோனும் சுகமாக இருப்பதை விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லாமல், நீங்கள் அனுப்பிய கிறிஸ்துமஸ் புகைப்படமே சொல்லிவிட்டது. அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஆரஞ்சு மரத்தடியில் முழங்காலைக் காட்டி நிற்கிறாய். அது நம் அப்பாவின் முழங்கால். அவர் அதை டாக்டரிடம்கூடக் காட்டியதில்லை. நிற்க.

இந்தக் கடிதத்தை உன் சிநேகிதன் ட்வைட் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே அட்டைப்பெட்டியில் உன் சேவலும் வருகிறது. "அவ்வளவு கஷ்டமா இருந்தா ட்வைட்கிட்ட குடுத்தனுப்புக்கா, அவன் பொண்டாட்டி கண் ஆபரேஷன் முடிஞ்சதும் இந்தப் பக்கம்தான் வர்றான்" என்று போனில் நீயே சொன்னாய். எனக்கு உபகாரம் செய்கிற குரலில் சொன்னாய். உன் சேவலை நீ திரும்ப வாங்கிக்கொள்வது எப்படி எனக்கு நீ செய்கிற உபகாரமாகும் என்பதை நான் ஒரு வாரமாக உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் பிடிபடவில்லை. ட்வைட் வியாழக்கிழமை வருகிறான். அதற்குள் நடந்ததையெல்லாம் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பெட்டியைத் திறந்து பார்த்ததும் நீ போன் போட்டு, "என்னக்கா, என் சேவலை என்ன பண்ணி வச்சிருக்க" என்று கேட்பாய். கேட்கிற ஆள்தான் நீ.

அக்டோபர் கடைசியில் காட்டு வாத்துகள் குளிருக்குப் பயந்து தெற்கே போயின, நீங்களும் அரிசோனாவுக்குப் போனீர்கள். வாத்துகளாவது தங்கள் குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு போகின்றன. நீ பெட்டைக் கோழிகளை லவோனின் தங்கை வீட்டில் தள்ளினாய். சேவலை அந்தப் பெண் வாசற்படி ஏற்றவில்லை, அவளுக்குப் புத்தி இருக்கிறது. உடனே உனக்கு அக்கா ஞாபகம் வந்துவிட்டது. "ஒரே ஒரு சேவல்தானேக்கா. தானியத்தைப் போட்டா தின்னுட்டு ஒரு மூலையில கெடக்கும்" என்றாய். நானும் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

அந்தச் சேவலை நீ வாங்கிய லட்சணத்தையும் சொல்ல வேண்டும். குஞ்சு விற்கிற கம்பெனிகளின் விலைப் புத்தகம் இந்த ஊருக்கு வருடா வருடம் பிப்ரவரியில் வந்து சேர்வதே ஒரு சதி. மாதக்கணக்கில் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர வேறு நிறம் பார்க்காதவனுக்கு அப்போது புத்தி பாதிதான் வேலை செய்யும். உனக்கு ஆகஸ்டிலேயே பாதிதான் வேலை செய்யும். நம் பக்கத்துக் கோழிகளைப் பார், கொண்டை மொச்சைக்கொட்டை அளவுக்குத் தலையோடு ஒட்டிக் கிடக்கும், கடிப்பதற்குப் பனிக்கு ஒன்றும் அகப்படாது. நீயோ படத்தைப் பார்த்து மயங்கி, இத்தாலி வழி வந்த லெகார்ன் சேவலுக்குக் காசு அனுப்பினாய். உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புக் கொண்டை, கழுத்தைத் தாண்டித் தொங்குகிற தாடி. கொண்டை பிஷப்பின் கிரீடம் மாதிரி இருக்கிறதென்று அதற்கு பிஷப் என்று பெயர் வேறு. அதை நம் பாதிரியாரிடமே போய்ச் சொல்லிச் சிரித்துவிட்டு வந்தாய். அவர் அதற்கப்புறம் ஒரு மாதம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

இனி கூண்டு. ஏரி உறைந்ததும் அதன் மேல் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி, பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிப்பாயே, அந்தப் பழைய குடிசையைக் கோழிக்கூண்டு என்று சொல்லி என் கொல்லையில் கொண்டுவந்து இறக்கினாய். இந்தப் பக்கத்து ஆண்பிள்ளைகளுக்கு வீட்டுக்குள் காற்று விசிலடித்தாலும் காது கேட்காது. மீன்பிடிக் குடிசையில் ஊசிமுனைக் காற்று நுழைந்தால் மானம் போய்விடும். நீ சந்துபொந்தெல்லாம் நுரைப்பசையை அடைத்து, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ஆணியடித்து, "ஒரு ஈகூட மூச்சுவிட முடியாதுக்கா" என்று மார்தட்டினாய். ஈ மூச்சுவிடாவிட்டால் போகட்டும். சேவல் மூச்சுவிடுமே. அது ராத்திரியெல்லாம் விட்ட மூச்சும், போட்ட எச்சத்தின் ஈரமும் வெளியே போக வழியில்லாமல் சுவரில் வேர்த்து, கூரையில் துளிர்த்து, அதன் தலையிலேயே சொட்டியிருக்கின்றன. நீங்கள் அதற்குள் உட்கார்ந்திருந்தபோது உங்களுக்கு அடுப்பு இருந்தது, பாட்டிலும் இருந்தது. பிஷப்புக்கு இரண்டும் இல்லை.

இதை யாரும் பார்க்கவில்லையா என்றால், ஊரே பார்த்தது. பக்கத்துப் பண்ணை ரெய்னோ கிறிஸ்துமஸுக்கு முன்னால் காபிக்கு வந்தார். வழியில் நின்று, கூண்டின் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாகத் தண்ணீர் வழிவதை நன்றாகப் பார்த்தார். அவருக்குப் பிறந்ததிலிருந்து கோழி வளர்த்துப் பழக்கம். வீட்டுக்குள் வந்து, தொப்பியைக் கழற்றி, இரண்டு கப் காபியும் பாதி கேக்கும் முடித்து, வானிலையைப் பேசி, அவருடைய டிராக்டர் பேட்டரியைப் பேசி, எழுந்து வாசல் வரைக்கும் போய், கதவில் கை வைத்துக்கொண்டு, "வெர்லின் அந்தக் கூண்டை ஒரு தினுசாத்தான் கட்டியிருக்கான்" என்றார். "ஆமா, ஒரு தினுசுதான்" என்றேன். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் சொன்னால் உன்னைக் குறை சொன்னதாகிவிடும். அதற்கு மேல் நான் கேட்டால் அவரைச் சொல்ல வைத்ததாகிவிடும். பிறகு பாதிரியார் வந்தார், அவரும் பார்த்தார், "கெட்டியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த ஊரில் எல்லார் வாயிலும் கொழுக்கட்டை. வீடு தீப்பிடித்தால்கூட, "உங்க வீட்டுப் பக்கம் இன்னிக்கு வெளிச்சம் கொஞ்சம் அதிகம் போல" என்று சொல்லிவிட்டுத்தான் வாளியைத் தேடுவார்கள்.

ஜனவரி நடுவில் அந்தக் குளிர் வந்தது. கார் கதவு திறக்கவில்லை, தபால் வரவில்லை, மூக்கு மயிர் உறைந்தது. அரிசோனாவில் அன்று நீங்கள் கோல்ஃப் ஆடினீர்கள் என்று லவோன் பிறகு சொன்னாள். அன்று காலை சேவல் கூவவில்லை. நான் அதை ஆண்டவர் கொடுத்த ஓய்வு என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். உன் அத்தான் ஓரின் மட்டும் எழுந்து உட்கார்ந்தார். அவர் இருக்கிற இருப்பு உனக்குத் தெரியாது. கவுண்டி நிர்வாகத்து ரோட்டில் பனி தள்ளுகிற வண்டியை ஓட்டி ஓய்வு பெற்ற நாளிலிருந்து, ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தன் ரோட்டில் வேறொருவன் பனி தள்ளுவதைப் பார்ப்பதுதான் அவருக்குத் தொழில். காலையில் ஒரு "ம்", மதியம் ஒரு "ம்", ராத்திரி ஜெபம் முடிந்ததும் ஒரு "ஆமென்". இதுதான் நான் கேட்ட பேச்சு. அப்படிப்பட்ட மனிதர் அன்று பூட்ஸை மாட்டிக்கொண்டு இருட்டில் இறங்கிப் போனார். திரும்பி வரும்போது கோட்டுப் பொத்தானெல்லாம் போட்டிருந்தது, வயிற்றுப் பக்கம் புடைத்திருந்தது. பொத்தானைக் கழற்றினால் உள்ளே பிஷப்.

கொண்டை சாம்பல் நிறத்தில் அட்டை மாதிரி விறைத்துப் போயிருந்தது. தாடி இரண்டும் வீங்கித் தொங்கின. கால் விரல்கள் மெழுகாக வெளுத்துக் கிடந்தன. அது நிற்கவில்லை, சமையலறைத் தரையில் வைத்ததும் பக்கவாட்டில் சாய்ந்தது. எனக்கு அந்தச் சேவலைப் பிடிக்காது, எப்போதுமே பிடித்ததில்லை, என்னை இரண்டு முறை கொத்தியிருக்கிறது. இருந்தாலும் அப்படிச் சாய்ந்ததைப் பார்த்ததும் என் நல்ல துவாலையை எடுத்து அதன் கீழே விரித்தேன். அத்தான் ஒரு கிண்ணம் நிறையப் பனியை அள்ளிக்கொண்டு வந்தார். அவர் அப்பா காலத்து வைத்தியமாம், பனிக்கடிக்குப் பனியையே வைத்துத் தேய்ப்பதாம். "அதைச் சேவல் மேல வச்சீங்கன்னா மிச்சத்த உங்க தலையில கொட்டிருவேன்" என்றேன். அவர் அப்பாவுக்கு ஒரு கையில் மூன்று விரல்தான் இருந்தது, அதை வைத்தே அந்த வைத்தியத்தின் தரம் தெரிந்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் உனக்குப் போன் போட்டேன்.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஞாபகம் இல்லையென்று சொல்லாதே. "ஹேர் டிரையர் இருக்கில்லக்கா? அதை வச்சு ஊது. சூட்டை நல்லா ஏத்தி வை." பின்னால் நீச்சல் குளத்தில் யாரோ தொபீரென்று விழுகிற சத்தம், லவோன் சிரிக்கிற சத்தம். "செத்துருமோன்னு பயமா இருக்குடா" என்றேன். "கோழி கூவியாக்கா பொழுது விடியுது? உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்" என்று வைத்துவிட்டாய். நான் எதைச் செய்தேன் தெரியுமா? உன் பேச்சைக் கேட்டேன். பிறந்த நாளிலிருந்து உன்னை அறிந்த நான், ஹேர் டிரையரை எடுத்து ஊதினேன். அரைச் சாவில் கிடந்த சேவலுக்கு எங்கிருந்தோ உயிர் வந்து, எகிறி, பீங்கான் தட்டு அலமாரி மேல் ஏறி, என் கிறிஸ்துமஸ் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளியது. ஃப்யூஸ் போயிற்று. வீடு இருட்டானது. வெளிச்சம் வந்தபோது கொண்டையிலும் காலிலும் கொப்புளம் போட்டிருந்தது. பட்ட காலிலேயே படும் என்பது கோழிக்கும் உண்டு போல.

அப்புறம் வேறு வழியில்லாமல் மாட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். டாக்டர் பெல்லெக்ரினோ என்று பெயர், நியூ ஜெர்சியிலிருந்து வந்தவள். மனதில் பட்டதை வாயால் சொல்கிற வியாதி அவளுக்கு உண்டு, அதனால் மாடு சாகக் கிடந்தாலொழிய அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்தம்மா குனிந்து பார்த்தாள்.

"இதுக்கு யாரு சூடு வச்சது?"

"என் தம்பி வைக்கச் சொன்னான்."

"இதை மீன்பிடிக் குடிசையில போட்டு அடைச்சது?"

"அதுவும் தம்பிதான்."

"உங்க தம்பிய நான் பாக்கணுமே."

"அவன் அரிசோனாவுல இருக்கான்."

"இருக்கட்டும். அங்கயே இருக்கட்டும். இந்தக் கோழிக்கு அதுதான் நல்லது" என்றாள்.

எனக்கு அந்தம்மாவை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. "கோழிக்குக் குளிர் பெருசில்லம்மா, ஈரம்தான் எமன். மேல ரெண்டு ஓட்டை விட்டிருந்தா இது இந்நேரம் கூவிக்கிட்டு இருந்திருக்கும்" என்றாள். ரெய்னோ அப்போது அங்கேதான் இருந்தார், ஃப்யூஸ் போட வந்தவர். "ஆமா, ஓட்டை விடணும்" என்று தலையாட்டினார். நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் காபி குடிக்காமலேயே போனார், அவர் ஆயுளில் அது முதல் தடவை.

இனிமேல் இது உன் பொறுப்பாவதால், என்ன செய்ய வேண்டும் என்பதைக் கவனமாகப் படி. சேவலின் கால்களைத் தினமும் இருவேளை தண்ணீரில் வைக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் உன் முழங்கையை விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. பிறகு துணியால் ஒற்றி எடு, தேய்த்தாயோ தோல் கையோடு வரும். கொப்புளத்தைக் குத்தாதே, உனக்குக் கை சும்மா இருக்காது என்பதால் இரண்டு முறை சொல்கிறேன், குத்தாதே. டாக்டரம்மா கொடுத்த மருந்தைப் பஞ்சால் தடவு. கறுத்துப் போன நுனியைப் பிய்க்காதே, அது தானாகக் காய்ந்து தானாக விழும். தண்ணீரை ஆழமில்லாத கிண்ணத்தில் வை, தாடி நனையக் கூடாது. முட்டையை வேகவைத்து மசித்துக் கொடு. கோழிக்கே முட்டை கொடுப்பது என்ன நியாயம் என்று கேட்காதே, எனக்கும் விளங்கவில்லை, ஆனால் தின்கிறது. ஒருமுறை உறைந்த கால் இன்னொரு முறை உறைந்தால் முழுசாகப் போய்விடும் என்பதால்தான் கூண்டுக்குத் திருப்பி அனுப்ப முடியவில்லை. எனவே அது தங்கியிருப்பது என் குளியல் தொட்டியில். வைக்கோல், அதன் மேல் என் நல்ல துவாலை, அதன் மேல் பிஷப். நாங்கள் இருவரும் சனிக்கிழமை தோறும் சோப்பை எடுத்துக்கொண்டு ரெய்னோ வீட்டு நீராவி அறைக்குப் போகிறோம். ஓட்டை விடச் சொல்லாததற்கு அவர் கட்டுகிற அபராதம் அது, அதை இருவருமே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

போன வாரம் சபைப் பெண்கள் கூட்டம் என் வீட்டில். முறை என்னுடையது, தள்ளிப்போட்டால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் வருடம் முழுக்க யோசிப்பார்கள். காபி குடித்த பெண்கள் குளியலறைக்குப் போகாமல் இருப்பார்களா. முதலில் மார்லிஸ் போனாள். திரைக்குப் பின்னால் தொட்டியில் ஒரு சேவல், கறுத்த கொண்டையும் மஞ்சள் மருந்துமாக உட்கார்ந்து அவளைப் பார்த்திருக்கிறது. வெளியே வந்து, பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு, "உங்க குளியலறை நல்லா வெதுவெதுன்னு இருக்கு ஆர்டிஸ்" என்றாள். "ஆமா, இந்த வருஷம் அப்படி வச்சிருக்கோம்" என்றேன். அடுத்தவள் போய் வந்து திரைச்சீலை புதுசா என்று கேட்டாள். மூன்றாமவள் கையில் ஒரு வெள்ளை இறகு ஒட்டியிருந்தது, அதோடேயே கேக் சாப்பிட்டாள். ஒரு பெண்பிள்ளை, ஒரே ஒரு பெண்பிள்ளை வாயைத் திறந்து "உங்க தொட்டியில எதுக்கு ஆர்டிஸ் சேவல்" என்று கேட்டிருந்தால் அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

முடிவில் பாதிரியார் ஜெபத்துக்கு எழுந்தார். எல்லாரும் கண்ணை மூடினோம். அவர், சேவல் கூவுமுன் பேதுரு ஆண்டவரை மூன்று முறை மறுதலித்த பகுதியைத் தொட்டுப் பேசப் போக, அந்த இடத்திலா பிஷப் கூவ வேண்டும். பனிக்கடி பட்ட நாளிலிருந்து தொண்டையைத் திறக்காத சேவல், குளியலறைச் சுவரெல்லாம் எதிரொலிக்க, நீட்டி முழக்கிக் கூவியது. பாதிரியார் அந்த இடத்திலேயே "ஆமென்" என்று முடித்துவிட்டார். இன்னும் பாதி ஜெபம் மிச்சம் இருந்தது. ஒருத்தியும் கண்ணைத் திறக்கவில்லை. அப்போது சமையலறையிலிருந்து வேறொரு சத்தம் வந்தது. முதலில் எனக்கு அது என்னவென்றே தெரியவில்லை. போய்ப் பார்த்தால் உன் அத்தான் கழுவு தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வர, தோள் குலுங்கச் சிரிக்கிறார். வேலையை விட்டு வந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

நான் ஏன் இந்தச் சேவலை அனுப்புகிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், தட்டு உடைந்ததற்காக இல்லை, துவாலைக்காகவும் இல்லை. உன் அத்தான் அதனோடு பேசுகிறார். காலையில் தண்ணீரைக் காய்ச்சி, முழங்கையை விட்டுப் பார்த்து, அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு காலைக் கழுவிவிட்டபடியே பேசுகிறார். செய்தித்தாள் படித்துக் காட்டுகிறார். புதிதாக வந்தவன் வளைவில் எப்படிப் பனியைத் தள்ளத் தெரியாமல் பள்ளத்தில் தள்ளுகிறான் என்று முறையிடுகிறார். நேற்று நான் துணி எடுத்துக்கொண்டு அந்தக் கதவைத் தாண்டும்போது உள்ளே சொல்லிக்கொண்டிருந்தார், "எனக்கும் அதேதான்டா பிஷப். காலையில எந்திரிச்சா போறதுக்கு எடமில்ல. படுக்கையிலயே படுத்துக் கெடக்கலாம்னு தோணும். ஆர்டிஸ்கிட்ட இதைச் சொன்னா பயந்துருவா." நான் அங்கேயே துணியோடு நின்றேன். இத்தனை வருஷமாக அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தவள் நான். அவர் பேச்சைக் கேட்க நான் என்ன, தலையில் கொண்டை வளர்த்துக்கொண்டு கால் உறைந்து கிடக்க வேண்டுமா? எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, கோபம் பெரிதாக இருந்ததால் அதையே வைத்துக்கொண்டேன். ஒரு சேவலுக்குக் கிடைக்கிற வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லையென்றால் அந்தச் சேவல் என் வீட்டில் இருக்கக் கூடாது. இருந்தது போதும். எடுத்துக்கொண்டு போ.

பார்த்ததும் நீ அடையாளம் கண்டுபிடிக்க மாட்டாய். கொண்டை முழுக்கக் கறுத்து, காய்ந்து, செவ்வாய்க்கிழமை துவாலையில் உதிர்ந்து கிடந்தது. உறையில் போட்டு உனக்கு அனுப்பலாமென்றுதான் எடுத்து வைத்தேன், லவோன் முகத்துக்காக விட்டேன். தாடியும் ஒன்று போய்விட்டது. இடது காலில் இரண்டு விரல் போயிற்று, நொண்டி நடக்கும், ஆனால் நடக்கும். தலை மொட்டையாக, மளிகைக்கடையில் உரித்து வைத்த கோழிக்கு உடம்பில் மட்டும் இறகு ஒட்டியது மாதிரி இருக்கும். அந்த விலைப் புத்தகத்துப் படத்தோடு வைத்துப் பார்த்துக்கொள். டாக்டரம்மா பிழைத்துவிட்டது என்கிறாள். இதற்கு மேல் அதன் உயிருக்கு நீ பொறுப்பு. ஆரஞ்சு மரத்தடியில் உட்கார வைத்து நீயே படம் எடுத்து அனுப்பு.

லவோனுக்கு என் அன்பு. அவள் தங்கையைக் கேட்டதாகச் சொல், அவள் கெட்டிக்காரி. வெயிலில் அலையும்போது தொப்பி போட்டுக்கொள், உனக்கு உள்ளே ஒன்றுமில்லாவிட்டாலும் மேலேயாவது காயாமல் இருக்கட்டும். ஆண்டவர் உன்னையும் உன் வீட்டாரையும் தீங்கு அணுகாமல் காத்து, வசந்தத்தில் சுகமாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

இப்படிக்கு,
இன்னும் உன்னைத் தம்பி என்று சொல்லிக்கொள்கிற
அக்கா ஆர்டிஸ்

பி.கு.: வியாழக்கிழமை. ட்வைட் வந்துவிட்டான், சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருக்கிறான், நான் படுக்கையறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஞாயிறு ராத்திரி உன் அத்தானிடம், "வியாழக்கிழமை ட்வைட் வந்து சேவல எடுத்துட்டுப் போறான்" என்று சொன்னேன். "சரி" என்றார். ஏன் என்று கேட்பார், இரண்டு வார்த்தை திட்டுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். "சரி"தான். இன்று காலை எழுந்து பார்க்கிறேன், பெட்டிக்கு ஓட்டை போட்டு வைத்திருக்கிறார், பக்கத்துக்கு நான்காக. உள்ளே மெத்தையாக அவருடைய கவுண்டி வேலைச் சட்டையை மடித்துப் போட்டிருக்கிறார். அந்த ஆரஞ்சுப் பட்டை போட்ட சட்டையைத் துவைக்கக்கூட அவர் என் கையில் கொடுத்ததில்லை. சேவலின் காலைக் கடைசியாகக் கழுவித் துடைத்து அதில் உட்கார வைத்துவிட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவி எனக்காகப் பளபளவென்று வைத்துவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மறுபடியும் ஜன்னலோரம் போட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "ம்" என்றார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், சேவலைப் பழையபடி தொட்டியில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

எனவே வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்வது, உன் சேவல் இன்று காலை செத்துப்போய்விட்டது. திடீரென்று நடந்துவிட்டது, நாங்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். மேலே எழுதியதில் பிழைத்துவிட்டது என்று இருக்கும், அதைப் பொருட்படுத்தாதே. ட்வைட்டிடமும் சொன்னேன், தொப்பியைக் கழற்றி அனுதாபம் தெரிவித்தான். அந்த நேரம் பார்த்துக் குளியலறையில் கூவுகிற சத்தம் கேட்டது. "தண்ணிக் குழாய்" என்றேன். "குளிர்காலத்துல குழாய் அப்படித்தான் சத்தம் போடும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டான். நல்ல பிள்ளை.

ஏப்ரலில் நீ வரும்போது என் கொல்லையில் மொட்டைத் தலையோடு ஒரு சேவல் நொண்டிக்கொண்டு திரியும். அது வேறு சேவல். வந்தோமா, காபி குடித்தோமா என்று இரு. பக்கத்தில் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிடாதே, திரும்பிப் பார்த்துத் தொலைக்கும்.